சமையல்கட்டு அகப்பை: ஒரு சின்ன வரலாறும் ஒரு மன்னிப்பும்



நம்ம கோயில் சமையல்கட்டு வாசலில், அரிசி மூட்டை அடுக்கி வைத்திருக்கிற இடத்துக்குப் பக்கத்தில், ஒரு ஆணியில் தேங்காய்ச் சிரட்டை அகப்பை ஒன்று தொங்குவதைப் பார்த்திருப்பீங்க. மூன்று வாரமாகத்தான் அது அங்கே இருக்கிறது. அதற்கு முன்னால் ஓட்டை வாளிகளோடு மேசைக்கு அடியில் கிடந்தது. வெள்ளிக்கிழமை சாப்பிட வருகிற பிள்ளைங்க, "அங்கிள், அது என்ன?" என்று கேட்கிறாங்க. பெரியவங்க சிலர் கண் திருஷ்டிக்குக் கட்டினது என்று நினைத்துவிட்டாங்க. ஒருத்தர், "எவ்வளவு செலவு பண்ணி கிச்சனைப் புதுசாக்கினீங்க, இந்தப் பழைய சாமானை ஏன் மாட்டி வெச்சிருக்கீங்க?" என்றும் கேட்டார்.

கேட்டது நியாயம்தான். பதில் சொல்ல வேண்டிய கடமை சமையல்கட்டுத் தொண்டர்களாகிய எங்களுக்கு இருக்கு. அதோடு, பங்குனி உத்திரத்தன்று நடந்த ஒரு தவறுக்கு எங்கள் பக்கத்திலிருந்து மன்னிப்பும் கேட்க வேண்டியிருக்கு. ரெண்டும் ஒரே கதைதான். கொஞ்சம் நீளமாக எழுதியிருக்கிறோம். ஒரு கோப்பி போட்டு வெச்சுக்கிட்டுப் பொறுமையாப் படிங்க.

முதலில் அகப்பை என்றால் என்ன என்று இளையவங்களுக்குச் சொல்லிவிடுகிறோம். நன்றாக முற்றிய தேங்காயை உடைத்தால் ரெண்டு பாதி கிடைக்கும். ஒரு பாதியில் மூன்று கண் இருக்கும். மறு பாதியில் கண் இருக்காது. கண் இல்லாத பாதிதான் அகப்பைக்கு ஆகும், இல்லாவிட்டால் ஒழுகும். தேங்காயைத் துருவி எடுத்த பிறகு, வெளியே இருக்கிற நாரைக் கத்தியாலோ கண்ணாடித் துண்டாலோ சுரண்டி வழவழப்பாக்குவாங்க. வாய்ப்பக்கம் எதிரும் புதிருமாக ரெண்டு துளை. மூங்கிலைச் சீவி, ஒரு துளையில் நுழைத்து மறு துளையில் மூக்கு எட்டிப் பார்க்கிற மாதிரி இறுக்குவாங்க. ஆணி கிடையாது, பசை கிடையாது, வெல்டிங் கிடையாது. தண்ணீர் பட்டால் மூங்கில் ஊறிப் பருக்கும், பருத்தால் துளையில் இன்னும் இறுகும். கழுவக் கழுவக் கெட்டியாகிற சாமான் இது.

எங்களில் தொழிற்சாலையில் வேலை செய்கிறவங்களுக்கு இதைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். ஒரு பொருளை எதற்காகச் செய்கிறோமோ அதற்கு இவ்வளவு பொருத்தமாக அமைவது சுலபம் இல்லை. சிரட்டை சூட்டைக் கடத்தாது, கொதிக்கிற குழம்பில் அரை மணி நேரம் விட்டாலும் காம்பு கையைச் சுடாது. புளி பட்டாலும் ஒன்றும் ஆகாது. பித்தளைப் பாத்திரத்தில் புளி ஊற்றினால் களிம்பு ஏறும், அதனால்தான் அந்தக் காலத்தில் ஈயம் பூசினாங்க. சிரட்டைக்கு அந்தத் தொல்லை இல்லை. எல்லாவற்றுக்கும் மேலே, நம்ம ஜனங்க அப்போ சமைத்தது மண்சட்டியில். இரும்புக் கரண்டியை மண்சட்டியில் போட்டுக் கிண்டினால் சட்டி கீறிப் போகும், தட்டினால் விரிசல் விடும். அகப்பை சட்டியை நோகடிக்காது. சட்டியும் அகப்பையும் புருஷன் பெண்டாட்டி மாதிரி ஒன்றுக்கு ஒன்று ஒத்துப் போனது இப்படித்தான்.

அதனாலதான் பழமொழியிலும் ரெண்டும் சேர்ந்தே வருது. "சட்டியில் இருந்தால் அகப்பையில் வரும்." நம்ம கோயிலில் கந்த சஷ்டி வந்தால் இந்தப் பழமொழிக்கு ஒரு வேறு விளக்கம் சொல்லுவாங்க. சஷ்டி விரதம் இருந்தால் அகப் பையில், அதாவது கருப்பையில், பிள்ளை வரும் என்று. நம்பிக்கையோடு விரதம் இருந்து பிள்ளை வரம் பெற்றவங்க நம்மிடையே இருக்காங்க, அந்த விளக்கத்தை நாங்க குறை சொல்ல வரவில்லை. ஆனால் சமையல்கட்டில் நிற்கிறவங்களுக்கு முதல் அர்த்தமே போதும். சட்டியில் என்ன இருக்கோ அதுதான் அகப்பையில் வரும். இல்லாததை அகப்பையால் கொண்டு வர முடியாது. இந்தப் பழமொழியில் சொல்லாமல் விட்ட இன்னொரு பாதி இருக்கு, அதைக் கடைசியில் சொல்கிறோம்.

சித்தர் பாடல் படிக்கிறவங்க அகப்பைச் சித்தர் என்ற பேரைக் கேட்டிருப்பாங்க. அவருக்கும் சமையலுக்கும் சம்பந்தம் இல்லை. மனசைப் பேயாக நினைத்து "அகப்பேய்" என்று கூப்பிட்டுப் பாடினதால் அகப்பேய்ச் சித்தர். வாய்வழக்கில் அது அகப்பை ஆகிவிட்டது. வீட்டுக்கு வீடு புழங்கின சாமான் பேர் என்பதால் நாக்கு தானாக அந்தப் பக்கம் போயிருக்கும்.

சரி, வரலாற்றுக்கு வருவோம். மனுஷன் கையைச் சுட்டுக் கொள்ளாமல் பானையிலிருந்து எடுக்க ஒரு கருவி தேடினது இன்று நேற்று இல்லை. சிந்துவெளி நாகரிகத்து ஆட்கள், 4,000 வருஷத்துக்கும் முன்னால், கடல் சங்கு வகை ஓட்டை அறுத்துக் கரண்டி செய்தாங்க. குஜராத் கரையில் நாகேஷ்வர் என்ற இடத்தில் அந்த வேலை நடந்த அடையாளங்கள் தோண்டி எடுக்கப்பட்டிருக்கு. கடல் பக்கம் சங்கு கிடைத்தவன் சங்கில் செய்தான். தென்னை இருக்கிற ஊரில் இருந்தவன் சிரட்டையில் செய்தான். கைக்கு எட்டினதை வைத்துத்தான் எல்லாரும் பிழைத்திருக்காங்க.

கோயிலுக்குள்ளேயும் அகப்பை உண்டு, நாம் அதைக் கவனிப்பதில்லை. கும்பாபிஷேகத்தில் யாகசாலையில் உட்கார்ந்திருப்பீங்க. குருக்கள் நெய்யை எதனால் ஊற்றுகிறார்? நீளக் காம்பு வைத்த மரக்கரண்டி. ஒன்றுக்குச் சுருக்கு என்று பேர், இன்னொன்றுக்குச் சுருவம். கருங்காலி, புரசு போன்ற மரங்களில் செய்ய வேண்டும் என்று வேத காலத்திலிருந்தே விதி இருக்கு. யோசித்துப் பார்த்தால் அக்கினியும் ஒரு பசிக்கிற வாய்தான். அந்த வாய்க்குப் பரிமாறுவதற்கும் ஒரு அகப்பை வேண்டியிருக்கு. பூர்ணாகுதியில் குருக்கள் கையில் இருப்பதும், கீழே கூடத்தில் எங்கள் கையில் இருப்பதும் ஒரே குடும்பத்துச் சாமான் என்று நினைக்கும் போது எங்களுக்குக் கொஞ்சம் கூச்சமாகவும் இருக்கு, பெருமையாகவும் இருக்கு.

அன்னபூரணி கதை எல்லாருக்கும் தெரியும். உலகமே மாயை, சோறும் மாயை என்று சிவபெருமான் சொல்ல, அம்பாள் மறைந்து போனாள். உலகத்தில் பசி வந்தது. பிறகு காசியில் அம்பாள் அடுப்பு மூட்ட, சிவனே கபாலத்தை ஏந்திக்கிட்டு வந்து நின்றார். அந்தக் காட்சியில் அம்பாள் கையில் சூலமும் இல்லை, வாளும் இல்லை. கரண்டிதான் இருக்கு. அம்மா பெரியவளா ஆண்டவன் பெரியவனா என்ற கேள்விக்கு அந்தக் கரண்டியே பதில் சொல்லிவிடும்.

இதை ஒட்டி உண்மையாக நடந்த ஒரு விஷயம் இருக்கு. காசியிலிருந்து நூறு வருஷத்துக்கும் முன்னால் ஒரு சின்னக் கற்சிலை திருட்டுப் போனது. அது கனடாவில் ரெஜைனா பல்கலைக்கழகத்தின் கலைச் சேகரிப்பில் இருந்தது. திவ்யா மெஹ்ரா என்ற கலைஞர் அந்தச் சேகரிப்பைப் பார்க்கும் போது சந்தேகப்பட்டு, எங்கிருந்து வந்தது என்று துருவி விசாரித்தாங்க. சிலையின் ஒரு கையில் பாயசக் கிண்ணம், மறு கையில் கரண்டி. அதை வைத்து நிபுணர்கள் அது அன்னபூரணி என்று உறுதி செய்தாங்க. 2020 நவம்பரில் பல்கலைக்கழகம் சிலையைத் திருப்பிக் கொடுத்தது. 2021 நவம்பரில் காசி விசுவநாதர் கோயில் வளாகத்தில் பிரதிஷ்டை ஆனது. கடல் தாண்டிப் போய் நூறு வருஷம் இருந்தாலும், கையில் இருந்த கரண்டியே அவள் யார் என்று காட்டிக் கொடுத்தது.

இப்போ அளவுக்கு வருவோம். எங்கள் கதைக்கு இதுதான் முக்கியம். தஞ்சைப் பெரிய கோயிலை ராஜராஜ சோழன் கட்டி முடித்தது 1010ல். அந்தக் கோயில் சுவரில் வெட்டியிருக்கிற கல்வெட்டுகளில் எந்த நிவேதனத்துக்கு எவ்வளவு அரிசி, எவ்வளவு நெய், எவ்வளவு தயிர் என்று அளவோடு எழுதியிருக்கும். ரெண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, ரெண்டு உழக்கு ஒரு உரி, ரெண்டு உரி ஒரு நாழி, எட்டு நாழி ஒரு குறுணி. நெல்லை எந்த மரக்காலால் அளக்க வேண்டும் என்பதும் கல்வெட்டில் உண்டு. அந்த மரக்காலுக்குப் பேர் "ஆடவல்லான்". ஆடவல்லான் என்றால் நடராஜப் பெருமான். அளக்கிற மரக்காலுக்குச் சாமி பேரையே வைத்திருக்காங்க. ஆளுக்கு ஒரு மரக்கால் வைத்துக்கிட்டால் வாங்கும் போது பெரிசு, கொடுக்கும் போது சின்னது என்று போய்விடும் அல்லவா? ஒரே அளவு, அதுவும் சாமியின் அளவு. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே இதை யோசித்திருக்காங்க. நாங்க யோசிக்கவில்லை.

வடலூரில் வள்ளலார் இராமலிங்க அடிகள் 1867 மே 23ல் தருமசாலையைத் தொடங்கினார். அன்று மூட்டின அடுப்பு இன்று வரைக்கும் அணையவில்லை. சாதி, மதம், ஊர், பேர் எதுவும் கேட்காமல் பசித்தவனுக்குச் சோறு. நம்ம நாட்டிலும் வள்ளலார் அன்பர்கள் பல ஊர்களில் அன்னதானம் செய்கிறாங்க. அடுப்பு அணையாமல் இருப்பது பெரிய விஷயம்தான். அங்கே 150 வருஷத்துக்கும் மேலே யார் யார் கையிலோ அகப்பை மாறி மாறிப் போயிருக்கும் என்பதையும் நினைத்துப் பாருங்க. அடுப்பைப் பற்றி எழுதுவாங்க, அகப்பை பிடித்த கையைப் பற்றி யாரும் எழுதுவதில்லை.

இனி நம்ம ஆட்கள் கதை. நம்ம முன்னோர்கள் பல பேர் கங்காணி கூட்டி வந்து மலாயாவுக்கு வந்தவங்க. அதற்கு முன்னால் ஒப்பந்தக் கூலி முறை இருந்தது, மலாயாவில் அது 1910ல் நிறுத்தப்பட்டது. கங்காணி முறையில் கூலியாட்கள் வருவதும் 1938ல் இந்திய அரசாங்கம் தடை போட்டதோடு நின்றது. ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் டிப்போவில் தங்க வைத்து, அங்கிருந்து கப்பல். 1926ல் ஓட ஆரம்பித்த ரஜூலா கப்பல் பேரைச் சொன்னால் இப்பவும் வயசானவங்க முகம் மாறும். மேல்தட்டில் பாயை விரித்துப் படுத்து, வரிசையில் நின்று சோறு வாங்கி வந்திருக்காங்க. அந்த வரிசையிலும் ஒருத்தன் கையில் கரண்டி இருந்திருக்கும். அவன் முகத்தைப் பார்த்துத்தான் இன்றைக்கு வயிறு நிறையுமா இல்லையா என்று கணக்குப் போட்டிருப்பாங்க.

தோட்டத்துக்கு வந்த பிறகு அகப்பைக்குப் பஞ்சம் இல்லை. பாகான் டத்தோ பக்கம் தென்னந்தோட்டத்திலேயே வேலை. ரப்பர் தோட்டத்திலும் லயத்துக்குப் பின்னால் நாலு தென்னை நிற்கும். பக்கத்துக் கம்பத்தில் மலாய்க்காரங்களும் இதே மாதிரி சிரட்டையில் கரண்டி செய்வாங்க, செண்டோக் என்பாங்க. சிரட்டைக்குத் தெம்புரோங் என்று பேர். நாம் கிணற்றுத் தவளை என்று சொல்வதை அவங்க சிரட்டைக்கு அடியில் இருக்கிற தவளை என்று சொல்லுவாங்க. பிள்ளைங்க பள்ளிக்கூடத்தில் படிக்கிற பழமொழிதான். பாஷை வேறு, தென்னை மரம் ஒன்றுதான். அரிசியை அவங்க சுப்பா, காந்தாங் என்று அளந்தாங்க. நாலு சுப்பா ஒரு காந்தாங். நம்ம பாட்டிமாரும் நாழி, மரக்காலை மறந்து காந்தாங் கணக்குக்கு மாறிட்டாங்க. அகப்பையை மட்டும் மாற்ற வேண்டிய தேவை வரவில்லை.

தோட்டத்தில் ஆயாக் கொட்டகை என்று ஒன்று இருக்கும். அம்மா அப்பா விடியக் காலையில் பெரட்டுக்குப் போய்விட்டால், பிள்ளைங்களை அங்கே விட்டுட்டுப் போவாங்க. எங்களில் பாதிப் பேர் அங்கே வளர்ந்தவங்கதான். தகர மங்கை நீட்டிக்கிட்டு வரிசையில் நிற்போம். ஆயா அகப்பையால் கஞ்சி ஊற்றுவாங்க. எல்லாப் பிள்ளைக்கும் ஒரே அகப்பை. கிராணி பிள்ளை, கங்காணி பேரன் என்றெல்லாம் அந்த வரிசையில் கிடையாது.

ஜப்பான்காரன் காலத்தில், 1942லிருந்து 1945 வரைக்கும், அரிசிக்குப் பெரிய பஞ்சம். மலாயா சாப்பிட்ட அரிசியில் பெரும்பகுதி பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்தது. சண்டையில் அது தடைப்பட்டது. மரவள்ளிக்கிழங்கும் சர்க்கரைவள்ளிக்கிழங்கும்தான் சாப்பாடு. ஆண்பிள்ளைகள் பல பேரைச் சயாம் மரண ரயில் போட இழுத்துக்கிட்டுப் போய்ட்டாங்க. லயத்தில் மிஞ்சின பெண்களும் பிள்ளைகளும் கிழங்கைக் கரைத்துக் கஞ்சி காய்ச்சினாங்க. அந்தக் கஞ்சியைப் பற்றி எங்கள் வீடுகளில் பாட்டிமார் ஒரு விஷயம் திரும்பத் திரும்பச் சொல்லுவாங்க. கஞ்சிப் பானையில் மேலே தண்ணியாக இருக்கும், அடியில் கெட்டி இருக்கும். அகப்பை பிடிக்கிறவள் மேலாக மொண்டால் தண்ணி, அடிவரைக்கும் விட்டு மொண்டால் சோறு. வேண்டியவனுக்கு அடி அகப்பை, வேண்டாதவனுக்கு மேல் அகப்பை என்று ஆரம்பித்தால் லயத்தில் சண்டை வந்துவிடும். அதனால் ஒவ்வொரு அகப்பைக்கும் முன்னால் ஒரு தடவை கலக்கணும். "கலக்கி ஊத்து" என்பதுதான் அவங்க வைத்திருந்த சட்டம். இன்றைக்கும் எங்கள் வீட்டில் ரசம் ஊற்றும் போது யாராவது அதைச் சொல்லாமல் இருக்க மாட்டாங்க. ஏன் சொல்கிறோம் என்றுதான் மறந்து போச்சு.

பரிமாறுகிறவன் நம்ம ஆளாக இருந்தால் கடைசிப் பந்தியில் உட்கார்ந்தாலும் கவலையில்லை என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. சிரிப்புக்குச் சொல்வதுதான். ஆனால் கோயிலில் பரிமாறுகிறவன் எல்லாருக்கும் நம்ம ஆளாக இருக்கணும். இல்லாவிட்டால் கடைசியில் நிற்கிறவனுக்கு யார் இருக்கா?

பிறகு மண்சட்டி போய் அலுமினியம் வந்தது, அலுமினியம் போய் எவர்சில்வர் வந்தது. துருப்பிடிக்காத அந்த இரும்பை 1913ல் இங்கிலாந்தில் ஷெஃபீல்ட் ஊரில் ஹாரி பிரியர்லி என்பவர் உருக்கி எடுத்தார். துப்பாக்கிக் குழாய்க்கு நல்ல உலோகம் தேடிப் போனவர், கடைசியில் அது நம்ம வீட்டுக் கத்தி, கரண்டி, தட்டு ஆனது. எவர்சில்வரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. நன்றாகக் கழுவலாம், பூஞ்சை பிடிக்காது, நூறு வருஷம் வரும். அகப்பையைச் சரியாகக் காய வைக்காவிட்டால் மூங்கில் கறுத்துவிடும். நானூறு பேர் சாப்பிடுகிற இடத்தில் சுத்தம் முக்கியம். ஆக, எவர்சில்வருக்கு மாறினதில் தப்பு இல்லை. மாறும் போது ஒன்றை விட்டுவிட்டோம், அதுதான் தப்பு.

இந்த அகப்பை எங்கிருந்து வந்தது? நம்ம கோயில் தோட்டத்தில் இருந்த காலத்தில், இன்று நம் சமையலுக்குப் பொறுப்பாக இருக்கிற பெரியம்மாவின் வீட்டுக்காரர் செய்து கொடுத்தது. தோட்டம் கைமாறி, லயங்களை இடித்து, கோயிலை இந்தத் தாமானுக்கு மாற்றினபோது, லாரியில் மூலவரும் மணியும் சூலமும் விளக்கும் ரெண்டு அண்டாவும் வந்தது. பெரியம்மா கையில் ஒரு துணிப்பையில் அகப்பை வந்தது. அதற்குப் பிறகு காம்பு ரெண்டு தடவை மாறியிருக்கு. சிரட்டை அதேதான். பொது நடமாட்டக் கட்டுப்பாடு வந்து 2020 மார்ச் 18ல் கோயில்கள் மூடின போது, பெரியம்மா அதைக் கழுவி வீட்டுக்கு எடுத்துக்கிட்டுப் போய்ட்டாங்க. திறந்ததும் திரும்பக் கொண்டு வந்தாங்க.

இந்த வருஷம் பங்குனி உத்திரத்துக்கு முன்னால் சமையல்கட்டைப் புதுப்பித்தோம். நாங்களே கடைக்குப் போய், பளபளவென்று நாலு புது எவர்சில்வர் கரண்டி வாங்கி வந்தோம். காம்பு நல்ல நீளம், குழி நல்ல ஆழம். பார்த்ததும் எல்லாருக்கும் பிடித்திருந்தது. பழைய கரண்டிகளையும் அகப்பையையும் மேசைக்கு அடியில் தள்ளிவிட்டோம்.

அன்றைக்கு வந்தவங்க சுமார் 420 பேர். பெரியம்மா வழக்கம் போல 60 லிட்டர் அண்டா நிறைய சாம்பார் வைத்திருந்தாங்க. ஒரு மணி கழித்துப் பார்த்தால் அண்டா காலி. வரிசையில் இன்னும் 90 பேர் நிற்கிறாங்க. பாதிப் பேர் தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்த பையன்கள், இரவு ஷிப்ட் முடித்துத் தூங்கி எழுந்து வந்தவங்க. மிச்சம் பேர் வேகமாக நடக்க முடியாத வயசானவங்க. காவடி எடுத்து முடித்து வந்த ஒரு குடும்பமும் இருந்தது. அவங்களுக்குச் சோறும் மோரும் ஊறுகாயும்தான் கொடுக்க முடிந்தது. ஒரு தம்பி, "பரவாயில்லைண்ணே, சாமி சோறு கிடைச்சதே போதும்" என்று சொல்லிவிட்டுப் போனான். அவன் திட்டியிருந்தால்கூட எங்களுக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

அதற்குப் பிறகு நாங்க செய்ததுதான் மன்னிக்க முடியாதது. பெரியம்மாவைப் பார்த்து, "வயசாச்சு, கணக்கு விட்டுட்டீங்க, கொஞ்சம் பார்த்து வெச்சிருக்கக் கூடாதா?" என்று நாலு பேருக்கு முன்னால் கேட்டுவிட்டோம். அவங்க ஒன்றும் பேசவில்லை. அண்டாவைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாங்க. அடுத்த வெள்ளிக்கிழமை வரவில்லை. அதற்கு அடுத்த வெள்ளியும் வரவில்லை. முட்டி வலி என்று சொல்லி அனுப்பினாங்க.

தொழிற்சாலையில் எங்களுக்கு ஒரு பாடம் உண்டு. கணக்கு உதைத்தால், ஆளைத் திட்டுவதற்கு முன்னால் அளவுக் கருவியைப் பார். வேலை இடத்தில் தினமும் அதை மற்றவங்களுக்குச் சொல்கிற நாங்க, கோயிலில் அதை மறந்துட்டோம். மூன்றாவது வாரம் சனிக்கிழமை பாத்திரம் ஒழுங்குபடுத்தும் போது, ஒரு அளவுக் குவளையை எடுத்துப் புதுக் கரண்டியில் தண்ணீர் மொண்டு அளந்து பார்த்தோம். 180 மில்லி. பழைய கரண்டியை அளந்தோம். 120. மேசைக்கு அடியிலிருந்து அகப்பையை எடுத்து அளந்தோம். அதுவும் 120, ஒரு சொட்டு கூடக்குறைய.

நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்க. 60 லிட்டர் என்றால் 60,000 மில்லி. 120ல் வகுத்தால் 500 கரண்டி. 420 பேருக்கு ஒரு கரண்டி போக, இன்னொரு தடவை கேட்கிறவங்களுக்கு 80 கரண்டி மிஞ்சும். 180ல் வகுத்தால் 333 கரண்டிதான். 420ல் 333 போனால் 87. அன்றைக்குச் சாம்பார் இல்லாமல் நின்றவங்க கணக்கும் அதுதான். பெரியம்மா கணக்கு ஒரு துளிகூட விடவில்லை. அவங்க தோட்டத்து நாளிலிருந்து ஆளுக்கு ஒரு அகப்பை என்று வைத்துத்தான் பருப்பு போடுகிறாங்க. பழைய கரண்டிகளையும் அந்த அகப்பை அளவுக்குப் பார்த்து அவங்கதான் ஒரு காலத்தில் வாங்க வைத்திருக்காங்க. அந்த அளவைத் தூக்கி மேசைக்கு அடியில் போட்டது நாங்க. இன்னொரு வேதனை, அன்றைக்குக் குப்பைக்குப் போன இலைகளில் சாம்பார் தேங்கி நின்றது. முன்னால் வந்தவங்களுக்குத் தேவைக்கு மேலே ஊற்றியிருக்கோம், பின்னால் நின்றவங்களுக்கு ஒன்றும் இல்லை.

பழமொழியின் மறுபாதி என்று சொன்னோமே, அது இதுதான். சட்டியில் இருந்தால் மட்டும் போதாது. அகப்பை சரியாக இருந்தால்தான் சட்டியில் இருப்பது கடைசி ஆள் வரைக்கும் போகும்.

அன்று சாயங்காலமே நாங்க ஆறு பேரும் பெரியம்மா வீட்டுக்குப் போனோம். அகப்பையையும் அளவுக் குவளையையும் கையில் எடுத்துக்கிட்டுப் போனோம். மன்னிப்புக் கேட்டோம். அவங்க சிரித்தாங்க. "புதுக் கரண்டியைப் பார்த்தப்பவே நெனச்சேன், சொன்னா கெழவிக்குப் புதுசு புடிக்கலன்னு சொல்லுவீங்கன்னு வாய மூடிக்கிட்டேன்" என்றாங்க. அந்தப் பேச்சு எங்களுக்கு நல்லா உறைத்தது. நாலு பேருக்கு முன்னால் கேட்ட தப்புக்கு, வீட்டில் போய் ரகசியமாக மன்னிப்புக் கேட்டால் போதாது. அதனால்தான் இத்தனை பேர் படிக்கிற இடத்தில் எழுதுகிறோம். பெரியம்மா, தப்பு எங்களுடையது. அன்றைக்குச் சாம்பார் கிடைக்காமல் போன பக்தர்களே, தப்பு சமைத்தவங்களுடையது இல்லை, கரண்டி வாங்கினவங்களுடையது. எங்களை மன்னிக்கணும்.

இப்போ என்ன செய்திருக்கோம் என்றால், புதுக் கரண்டிகளைத் தூக்கிப் போடவில்லை. மோருக்கும் பானகத்துக்கும் அதுகளை வைத்துக்கிட்டோம். சாம்பாருக்கு 120 மில்லி பிடிக்கிற கரண்டி நாலு புதிதாக வாங்கினோம். கடைக்கு அகப்பையையும் கூடவே கொண்டு போய்த் தண்ணீர் மாற்றி ஊற்றிப் பார்த்து வாங்கினோம். கடைக்காரர் எங்களை ஒரு மாதிரி பார்த்தார், பரவாயில்லை. அகப்பை இனிமேல் பரிமாறுவதற்கு இல்லை. தஞ்சாவூரில் ஆடவல்லான் மரக்கால் இருந்த மாதிரி, நம்ம சமையல்கட்டுக்கு அதுதான் அளவு. எந்தக் கரண்டி புதிதாக வந்தாலும் அதோடு ஒத்துப் பார்த்துத்தான் உள்ளே வரும். அதற்காகத்தான் ஆணியில் தொங்குது.

போன வெள்ளிக்கிழமை பெரியம்மா வந்தாங்க. வந்ததும் அகப்பையைப் பார்த்தாங்க. "எவன்டா இதை வாய் மேல் பார்க்க மாட்டினது? தண்ணி நின்னு மூங்கில் அழுகிப் போகும்" என்று சொல்லி, கழற்றித் துடைத்து, வாயைக் கவிழ்த்து மாட்டிவிட்டு, பருப்பு கழுவப் போனாங்க.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை பூஜை முடிந்த பிறகு, சமையல்கட்டுக்குப் பின்னால் பெரியம்மா அகப்பை செய்யச் சொல்லிக் கொடுக்கிறாங்க. மூங்கில் நாங்க வெட்டி வைத்திருப்போம். பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு வாங்க. வீட்டில் சட்னிக்குத் தேங்காய் உடைத்தால் சிரட்டையைத் தூக்கிப் போடாமல் கொண்டு வாங்க. கண் இல்லாத பாதியாகப் பார்த்து எடுத்து வாங்க.

எல்லாம் வல்ல முருகப் பெருமான் அருளால் அனைவருக்கும் பசியில்லாத வாழ்வு அமையட்டும்.

இப்படிக்கு,
சமையல்கட்டுத் தொண்டர்கள்